வாயில் வராத பேர்

தாலி கட்டியது காலையில். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு என்னை மேரிக்குக் கூட்டிப்போனார்கள். மேரி என்றதும் யாரோ ஒரு பெண்பிள்ளை என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர் காலத்துக் காரைக்காலில் நகராட்சி அலுவலகத்துக்கு அதுதான் பேர். அங்கே இருந்த அதிகாரி பிரெஞ்சில் எதையோ கடகடவென்று வாசித்தார். பிறகு நல்ல தமிழில், சிரித்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"இனிமே உங்க பேரு என்னம்மா? முழுசா சொல்லுங்க பார்ப்போம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புதுப்பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமாவது மண்ணாவது! என் பேரை என் வாயால் சொல்ல முடியாதபடி அல்லவா செய்து வைத்திருந்தார்கள்.

நான் பிறந்தது நெடுங்காட்டில். வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் போடுகிற குடும்பம். குடும்பப் பேர் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. அப்பா பேரின் முதல் எழுத்து முன்னால், என் பேர் பின்னால், முடிந்தது. வாழ்க்கைப்பட்டதோ ரெனோன்சான் வீட்டில். என் புருஷனின் தாத்தா அந்தக் காலத்தில், நம்முடைய பழைய வழக்கச் சட்டம் எதுவும் வேண்டாம், பிரெஞ்சுக்காரர் சட்டமே போதும் என்று எழுதிக் கொடுத்தவர். அப்படி எழுதிக் கொடுத்தவர்களைத்தான் ரெனோன்சான் என்பார்கள். எழுதும்போது ஒரு குடும்பப் பேரும் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை, பேரன், அவர்களுக்கு வரும் மனைவிமார் எல்லோருக்கும் அது போகும். சிலர் வெள்ளைக்காரப் பேராகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். இவர் தன் சொந்தப் பேரையே எழுதிவிட்டு வந்துவிட்டார். முருகனுக்கு இருக்கிற எத்தனையோ பேர்களில் ஒன்று அது. எது என்று இங்கே எழுதப்போவதில்லை.

அதோடு விட்டார்களா? மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கிற வழக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆக என் புருஷனுக்குச் சொந்தப் பேரும் அதுதான், குடும்பப் பேரும் அதுதான். காகிதத்தில் ஒரே பேரை இரண்டு தடவை எழுதியிருப்பார்கள். எனக்கு என் பேருக்குப் பின்னால் அது. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்துவிட்டு, அந்தப் பேரையே எடுத்து என் தலையில் ஒட்டினால் நான் என்ன செய்வேன்?

என் மாமியாருக்கு அது மாமனார் பேர். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பெற்ற மகனையே அத்தை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பெரியவனே" என்பார். முருகன் சந்நிதியில்கூட அந்தப் பேர் வந்துவிடாமல் சுற்றி வளைத்துத்தான் வேண்டிக்கொள்வார். குருக்கள் அர்ச்சனையில் அந்தப் பேரைச் சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார். அது சாமிக்கா, மாமனாருக்கா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அடிக்க வருவார். அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தோம், இரண்டு பேருக்கும் அதே குடும்பப் பேர், இரண்டு பேர் வாயிலும் அது வராது.

என் புருஷன் சைகோனில் பிரெஞ்சு சர்க்காரில் குமாஸ்தா. லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு ஐந்து மாதம் இருந்துவிட்டுக் கப்பலேறினார். அப்போது நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன்.

பிரசவம் ஆஸ்பத்திரியில். பெண் குழந்தை. இரண்டாம் நாள் காலையில், பிறப்பு எழுதுகிறவர் பெரிய நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். வழக்கமாக வீட்டு ஆம்பிளைகள்தான் இதைச் சொல்லி எழுதி வைப்பார்கள். எனக்கு ஆம்பிளை யார்? புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம். மாமனார் காலமாகிப் பல வருஷம். அப்பா நெடுங்காட்டில், அன்றைக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. கல்யாணத்தன்று மேரியில் கொடுத்த குடும்பப் புத்தகம் அத்தையின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அத்தை குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார்.

"பிள்ளையோட தகப்பனார் பேரு?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா. இன்னும் நாலு கட்டிலுக்குப் போவணும்."

"சாமி பேருங்க."

"சாமின்னா எந்த சாமி?"

"மயில்மேல வருவாங்களே..."

"ஓகோ!" அவருக்குப் புரிந்துவிட்டது. எத்தனை பெண்களிடம் இப்படி விடுகதைக்குப் பதில் கண்டுபிடித்திருப்பாரோ. "சரி, குடும்பப் பேரு?"

"அதுவும் அவங்கதாங்க."

"அதுவும் மயில்மேலதானா?" என்று சிரித்தார். எழுதினார். நோட்டை என் பக்கம் திருப்பி, "சரியா பாத்துக்குங்க" என்றார். பிரெஞ்சு எழுத்து. எனக்கு ஏது பிரெஞ்சு? தலையாட்டிவிட்டு, தமிழில் என் பேரை மட்டும் கையெழுத்தாகப் போட்டேன்.

முருகனுக்கு ஒரு பேரா, இரண்டு பேரா? நான் நினைத்த பேர் ஒன்று, அவர் எழுதிய பேர் வேறொன்று. நாலு வருஷம் கழித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது. அவர்மேல் நான் குற்றம் சொல்லவே மாட்டேன். விடுகதை போட்டவள் நான்.

சைகோனிலிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிள்ளைக்கு இரண்டு வயதானபோது, கிளம்பி வா என்று ஒரு கடிதம் வந்தது. அதன் கடைசியில், இங்கே ஒரு பெண் இருக்கிறாள், நல்ல மாதிரி, பிள்ளை வளர்க்க உனக்கு ஒத்தாசையாக இருப்பாள், மூன்று பேரும் ஒற்றுமையாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. கடிதத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். "நான் வர மாட்டேன். எழுதிக் கேட்க வேண்டாம்" என்று பதில் எழுதிப் போட்டேன். ஏன் வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதுவும் கோபம்தான்.

ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறிய அடுத்த வருஷம் என் கொழுந்தன் வந்து இறங்கினார். அவரும் அண்ணனைப்போல் சைகோனில் வேலை பார்த்தவர். மேரியில் கொடி மாறியிருந்தது, முத்திரை மாறியிருந்தது. கோர்ட்டில் எங்களைப் போன்ற ரெனோன்சான் வீடுகளுக்கு மட்டும் அதே பிரெஞ்சுச் சட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் அண்ணனிடமிருந்து அதிகாரப் பத்திரம் வாங்கி வந்திருந்தார். அண்ணன் பிரான்சுக்கே போய்விடப் போகிறார். அந்தப் பெண்ணை முறையாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு என்னை விவாகரத்து செய்து தீர்த்து விட வேண்டும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கெட்ட மனுஷர் இல்லை அவர். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். "அண்ணி, அங்க போனா பிள்ளை நல்லா படிக்கும். இங்க வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?" என்று பதவிசாகத்தான் பேசினார். பதவிசாகப் பேசுகிறவர்களைத் திட்டவும் முடியவில்லையே, அது ஒரு வேதனை.

கோர்ட்டில் என் கடிதத்தை எடுத்து வைத்தார்கள். புருஷன் கூப்பிட்டும் போகாதவள் என்பதற்கு அது ஒன்றே போதுமாம். அவர் எழுதிய கடிதம் அடுப்பில் சாம்பலாகிப் போயிற்று. நீதிபதி புதுச்சேரிக்காரர். எங்களிடம் தமிழில் பேசி, எழுதுகிறவரிடம் பிரெஞ்சில் சொல்வார். தீர்த்து விட்டாயிற்று என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னையிலேருந்து நீங்க புருஷன் வீட்டுக் குடும்பப் பேரைப் போட்டுக்கக் கூடாது. விளங்குதா?"

"நான் எப்பங்க அதைச் சொன்னேன், இனிமே சொல்லாம இருக்கறதுக்கு?" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா என் முழங்கையைக் கிள்ளினார்.

பேர் போனது எனக்குக் கொசு கடித்த மாதிரிகூட இல்லை. அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூப்பிட்டும் போகாதது என் குற்றம். ஆகவே பிள்ளை தகப்பனுக்கு. கொழுந்தன் கப்பலேறும் நாள் வரை, ஆறு வாரம், பிள்ளை என்னிடம் இருக்கலாம். வெளியே வந்தபோது பிள்ளை என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, வாசலில் நின்ற வண்டி மாட்டைப் பார்த்து ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

நெடுங்காட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் கொழுந்தன் சைக்கிளில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்காக, கோர்ட்டில்கூட யாரும் கேட்காத பிறப்புப் பதிவின் நகல் வாங்கப் போயிருக்கிறார். கையில் அந்தக் காகிதம்.

"அண்ணி, இந்த ஆளு யாரு?"

"எந்த ஆளு?"

காகிதத்தில் தகப்பன் என்று இருந்த பேரை வாசித்தார். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில், நோட்டு, மயில் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. நான் சிரித்துவிட்டேன். அந்த வேளையில் சிரித்தது தப்புதான், அடக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். கொழுந்தனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அப்பா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார்.

"எழுதினவரைப் பிடிக்க முடியாது. ஊர் கைமாறினப்பவே கப்பலேறிப் போயிட்டாராம். நீதிபதிகிட்ட கேட்டுட்டேன். பிள்ளையைப் பெத்த நீங்க வந்து, இன்னாருதான் தகப்பனாருன்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும். இல்லேன்னா அப்ப கூட இருந்த எங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சொல்லணும். அப்படின்னா எங்கம்மா மட்டுந்தான். உங்க அப்பா சொன்னா எடுத்துக்க மாட்டாங்களாம், பொண்ணுக்காகச் சொல்றாருன்னுடுவாங்க. நான் அப்ப சைகோன்ல இருந்தவன். உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் அண்ணி. பேரைத் திருத்திட்டா பாஸ்போர்ட்டு வந்துடும்."

"நான் சொல்லலேன்னா?"

"சொல்லாம என்ன..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "விளையாடாதீங்க அண்ணி. மானக்கேடு எங்களுக்கு இல்லை, உங்களுக்குத்தான்."

விளையாட்டில்லை. அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் காகிதத்தின்படி என் மகள் அவர்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. நான் வாயைத் திறந்தால் அவள் தகப்பன் பேர் தெரிந்த பிள்ளையாகக் கப்பலேறிப் போவாள், எனக்கு இல்லை. வாயைத் திறக்காவிட்டால் என்னிடம் இருப்பாள், ஊர் என்னைக் கேவலமாகப் பேசும். அவளையும் பேசும். வேறு வழி எதுவும் இல்லை.

மறு விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் செய்தி காரைக்கால் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பேரில் ஊரில் ஆளா இல்லை? ஒரு வண்டிக்காரர், ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஒரு பஸ் கண்டக்டர். கண்டக்டரின் சம்சாரம் பஸ் ஏறி நெடுங்காட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரை உனக்குத் தெரியுமா?"

"'உள்ள போ, உள்ள போ'ன்னு பஸ்ஸுல கத்துவாரு. அவ்வளவுதான் தெரியும்."

"அவரு பேரை எழுதி வச்சிருக்கியாமே?"

"எந்தப் பேரு? சொல்லேன் பார்ப்போம்."

அவளும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவாள்! பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கிட்டே இழுத்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "உன் மாமியார அப்படியே உரிச்சு வச்சிருக்கு. இதைப் போயி..." என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டாள். முகத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரிகிறது. காகிதத்துக்குத்தான் தெரியவில்லை.

அப்பா அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லித் தொலையேன். நாளைக்கு இந்தப் பொண்ணை எவன் கட்டுவான்?"

"கட்டுறவன் கட்டட்டும்ப்பா. இப்ப அது எங்கிட்ட இருக்கணும்."

"உன்னை என்னவெல்லாம் பேசுறானுவ தெரியுமா?"

"தெரியும்."

நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், எழுந்து வயலுக்குப் போனார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றேதான் கேட்டாள், "ஏ குட்டி, உங்க அப்பா பேரு என்ன?" என்று. பிள்ளை விளையாட்டை விடாமல் சொன்னது: "அவங்க."

"அவங்கன்னா?"

"எங்க அப்பா பேரு அவங்க."

எங்கள் வீட்டில் அது கேட்டதெல்லாம் அதுதானே. "அவங்க கடுதாசி வந்துச்சா, அவங்க எப்ப வருவாங்க." நான் அப்படிச் சொன்னேன். அத்தை "பெரியவன்" என்றார். நாலு வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் பேர் தெரியாது. அதைக் கெடுத்தவள் நான். கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டு, பேரைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சைகோனோ பிரான்சோ, அங்கே அதற்குத் தகப்பன் என்று ஒருவர் இருப்பார். பிறகு அந்த இன்னொரு பெண் இதற்குத் தலைவாரி விடுவதை நினைத்துப் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை அன்று உள்ளே நிற்க இடமில்லை. வேலை வெட்டியில்லாதவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அத்தையைக் கொழுந்தன் ரிக்‌ஷாவில் கூட்டி வந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் பிள்ளையை அப்பாவிடம் விட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன். சத்தியம் வாங்கினார்கள்.

"பிள்ளையோட தகப்பனார் பேரைச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வழக்கம் எனக்கும் தெரியும்மா. எங்க வீட்லயும் என் பேரைச் சொல்ல மாட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வாயால சொல்ல வேணாம். எழுதிக் காட்டுங்க, போதும்."

காகிதமும் பேனாவும் என் முன்னால் வந்தன. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. சொல்லக்கூடாது என்றுதானே வழக்கம், எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பத்து நாளாக எதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேனோ அதை ஒரே நொடியில் எடுத்துவிட்டார். பேனாவைக் கையில் எடுத்தேன். பின்னால் பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"எனக்கு எழுத வராதுங்க."

சத்தியம் பண்ணிவிட்டுச் சொன்ன பொய். முழுப் பொய். கொழுந்தனின் வக்கீல் துள்ளி எழுந்தார். "எழுத வராதா? போன விசாரணையில் நாங்கள் வைத்த கடிதம் யார் எழுதியது? 'நான் வர மாட்டேன்' என்று எழுதியது இந்த அம்மாள்தானே?"

மாட்டிக்கொண்டேன். அந்தக் கடிதத்தை எழுதிய கை, நாலே எழுத்துப் பேரை எழுதாதா? நீதிபதி கடிதத்தைத் தேடி எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இனி உண்மையைச் சொல்ல வேண்டியதுதான், பிள்ளை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அதை அவ எழுதலீங்க."

அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார். கொழுந்தன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு முன்னால் வந்தார். அவருக்கும் சத்தியம் வாங்கினார்கள்.

"போவாதேன்னு தடுத்தவ நாந்தான். வேற ஒரு பொண்ணை விட்டுக் கடுதாசி எழுத வச்சதும் நாந்தான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவா."

ஒரு வார்த்தை உண்மை கிடையாது அதில். கடிதம் எழுதியது அத்தைக்கே மறுநாள்தான் தெரியும். அன்றைக்கு என்னைத் திட்டு திட்டென்று திட்டியவர் அவர்.

"சரி. பிள்ளையோட தகப்பன் உங்க மகன்தானே? பேரைச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"அது எங்க மாமனார் பேருங்க. தலை போனாலும் சொல்ல மாட்டேன். எழுதவும் எனக்கு வராது."

நீதிபதி பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே வக்கீலைக் கேட்டார். "இந்த அம்மா சொன்னதை நான் பதிவு பண்ணட்டுமா? பண்ணினா அந்தக் கடிதம் மருமகளோடது இல்லைன்னு ஆகும். அப்ப போன தீர்ப்பே நிக்குமான்னு நீங்க யோசிச்சுக்குங்க."

வக்கீலும் கொழுந்தனும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். கடிதம் என்னுடையது இல்லையென்றால் தீர்த்து விட்டதும் செல்லாது. தீர்த்து விட்டது செல்லாவிட்டால் அண்ணன் அங்கே கட்டிக்கொள்ள முடியாது. பெற்ற தாயைப் பொய்சாட்சி என்று கோர்ட்டில் சொல்லக் கொழுந்தனுக்கு மனம் வருமா? பேர் திருத்தும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று வக்கீல் சொன்னார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் கொழுந்தன் அத்தையைக் கேட்டார், "ஏம்மா இப்படிச் செஞ்சே?"

"ஒருத்தன் போயிட்டான். நீயும் போற. இதையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டா நான் யாரு முகத்தைப் பாக்கறது?" என்று சீறினார் அத்தை. எனக்காக இல்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாரத்துக்கு ஒரு தரம் கொண்டாந்து காட்டு" என்று மட்டும் காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினார். எனக்கு அது போதும். அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

கொழுந்தன் குறித்த தேதியில் கப்பலேறினார். பிரான்சிலிருந்து மனு எதுவும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. ஊர்ப் பேச்சு ஒரு வருஷம் ஓடிற்று. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கும், நான் நகர்ந்ததும் தொடங்கும். அப்பாவுடைய பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை. எரிச்சலாக வந்தது. அழவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். தலைமையாசிரியை பிறப்புக் காகிதத்தைப் பார்த்து அதில் இருந்த தகப்பன் பேரையும் குடும்பப் பேரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு என் பேரைக் கேட்டார். தீர்த்து விட்ட பிறகு நான் பழையபடி அப்பா பேரின் எழுத்துக்குத் திரும்பியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"தாயாருக்கு ஒரு பேரு, பிள்ளைக்கு ஒரு பேரா?" என்று நிமிர்ந்தார். "பின்னால குழப்பம் வருமேம்மா."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. குடும்பப் பேராக அதற்கு உலகத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. என் புருஷனுடையது இல்லை, மாமனார் வீட்டுடையது இல்லை, ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டில் பிறந்த பேர் அது. என் மகள் ஒருத்தி மட்டும் அதைச் சுமந்துகொண்டு நிற்கிறாள்.

"எனக்கும் அதையே போட்டுக்குங்க டீச்சர்," என்றேன். என் பேரோடு சேர்த்து, அந்தக் குடும்பப் பேரையும் உரக்க, முழுசாகச் சொன்னேன். அப்படி ஒரு மேசைக்கு முன்னால் நின்று என் பேரை நானே முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாருக்கும் ஆயுசு குறையவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து வந்தோம். பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே வந்தது.

"அம்மா, அப்பா பேரு என்னன்னு டீச்சர் கேட்டா என்ன சொல்றது?"

நின்றுவிட்டேன். முன்னும் பின்னும் பார்த்தேன், கரையில் ஆளில்லை. அவர் இனி என் புருஷன் இல்லை, சொன்னால் என்ன வந்துவிடும்? கோர்ட்டில் சொல்லியிருந்தால் இவளை இழந்திருப்பேன். இப்போது சொல்லாவிட்டால் இவளுக்குச் செய்கிற துரோகம். குனிந்து அவள் காதருகே, கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத அந்தப் பேரைச் சொன்னேன். சொன்னதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிள்ளை என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிற்று.

"அது இல்லம்மா. டீச்சர் எழுதறப்ப படிச்சாங்களே, வேற பேரு. உனக்குத் தெரியல."

"ஆமாடி," என்றேன். "அவங்க படிச்சதையே சொல்லு."